சூழற்கல்வி: சொல்லும் பொருளும்

'என்விரான்மென்டல் எஜுகேஷன்' என்பதைச் சுற்றுச்சூழல் கல்வி என்று எழுதிப் பழகிவிட்டோம். தவறில்லை. ஆனால் அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களோடு இதைச் சேர்த்துக் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார்செய்வதைச் சொல்லும் ஒரு நீண்ட ஆங்கிலத் தொடரைத் தமிழில் எழுதப் போகும்போது, சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் என்ன கேட்கிறோம் என்பதே தெளிவாகும்.

பிரெஞ்சு மொழியில் 'என்விரோன்' என்றால் சுற்றிலும் என்று பொருள். அதிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல்லும் முதலில் சுற்றியிருப்பதைத்தான் குறித்தது. மாசு, பாதுகாப்பு என்ற பொருளெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தவை. கல்வியோடு அந்தச் சொல்லைச் சேர்த்து அதற்கு ஒரு வரையறை தந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வில்லியம் ஸ்டாப். 1969இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியதன் சாரம் இது: சூழலைப் பற்றியும் அதன் சிக்கல்களைப் பற்றியும் அறிவு வேண்டும், தீர்க்கும் வழி தெரிய வேண்டும், தீர்க்க வேண்டும் என்ற முனைப்பும் வேண்டும். அப்புறம் 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. நடத்திய மனிதச் சூழல் மாநாடு, 1975இல் சூழற்கல்வியின் நோக்கங்களை வகுத்த பெல்கிரேடு சாசனம், 1977இல் ஜார்ஜியாவின் டிபிலிசியில் ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ நடத்திய மாநாடு. டிபிலிசியில்தான் இது ஒரு மூலையில் நிற்கும் தனிப்பாடமாக இருக்கக் கூடாது, எல்லாப் பாடங்களோடும் கலந்து வர வேண்டும், புதிதாக வரும் ஆசிரியர்களுக்கும் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கும் இதில் பயிற்சி வேண்டும் என்று நாடுகள் கூடிப் பரிந்துரைத்தன.

சரி, தமிழுக்கு வருவோம். 'சூழ்' என்ற வினைக்கு இரண்டு பொருள். சுற்றி நிற்பது ஒன்று, ஆழ்ந்து எண்ணுவது இன்னொன்று. குறளில் 'சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்' என்று வரும்போது சூழ்வார் என்பவர் ஆராய்ந்து வழி சொல்பவர். 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்பதிலும் சூழ்ச்சி நல்ல ஆலோசனைதான். வஞ்சகம் என்ற பொருள் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. சூழல் என்ற சொல் நமக்குக் கிடைத்தது முதல் பொருளின் வழியாக என்றாலும், இரண்டாவது பொருளும் இந்தக் கல்விக்குப் பொருந்துவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

'சுற்றுச்சூழல்' என்பதில் சுற்று, சூழல் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. அதனால் சூழல் என்றாலே போதும், சூழற்கல்வி என்பது கச்சிதமாக இருக்கும் என்பது என் கருத்து. சூழலியல் (எக்காலஜி) வேறு, அது 1866இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெக்கல், வீடு என்று பொருள்படும் 'ஓய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்ட உயிரியல் துறை. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால் ஆசிரியருக்குத்தான் குழப்பம், ஏனென்றால் சூழலியல் என்றதும் அது உயிரியல் ஆசிரியரின் வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

அந்த ஆங்கிலத் தொடரில் பாடங்களோடு சேர்ப்பதைக் குறிக்கும் 'இன்டகிரேஷன்' என்பதற்கு ஒருங்கிணைப்பு என்கிறோம். நடைமுறையில் அது பாடத்தின் கடைசியில் 'மரம் வளர்ப்போம்' என்று ஒரு பத்தி சேர்ப்பதாகச் சுருங்கிவிடுகிறது. இங்கே வேண்டியது ஊடும் பாவுமாகப் பின்னுவது. வாயுக்களின் கரைதிறன் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அனல்மின் நிலையம் குளிர்விக்க எடுத்த நீரைச் சூடாகவே ஆற்றில் விட்டால் மீன்களுக்கு ஏன் மூச்சுத் திணறுகிறது என்பதற்கான விடையில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888இல் வந்த விங்க்ளர் சோதனை உண்டு: மாங்கனீசு சல்பேட்டும் காரங்கலந்த பொட்டாசியம் அயோடைடும் விட்டால், நீரில் ஆக்சிஜன் இல்லையென்றால் வெள்ளை வீழ்படிவு (கரையாமல் அடியில் இறங்கும் திடப்பொருள்), இருந்தால் பழுப்பு. குப்பிக்குள் அந்தப் பழுப்பு இறங்குவதைப் பார்க்கும் மாணவருக்கு ஆக்சிஜனேற்றமும் புரிகிறது, ஆறும் புரிகிறது. நீரை ஆற்றிவிட்டு வெளியேற்ற எப்படி ஒரு குளிர்விப்புக் கோபுரம் அமைப்பது என்று கேட்டால் அங்கே தொழில்நுட்பமும் வந்துவிட்டது.

ஆனால் இதைச் செய்ய வேதியியல் ஆசிரியருக்கு மீனைப் பற்றியும், உயிரியல் ஆசிரியருக்குக் கரைதிறனைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் அவர்களைத் தனித்தனியாகத்தான் வளர்த்தது. பயிற்சி என்ற சொல்லுக்கு வேர் 'பயில்'. அதற்குத் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது என்ற பொருளும் உண்டு. அரங்கில் உட்கார்ந்து ஒரு நாள் உரை கேட்பது அதில் வராது. இரண்டு துறை ஆசிரியர்களும் ஒரே நீர்நிலைக்குப் போய், விடியற்காலையிலும் பிற்பகலிலும் மாதிரி எடுத்து, விடியலில் ஆக்சிஜன் ஏன் குறைகிறது என்று தங்களுக்குள் வாதாடி, ஒளிச்சேர்க்கை இல்லாத இரவு முழுக்க நீரில் உள்ள உயிர்களெல்லாம் சுவாசித்துக்கொண்டே இருந்திருக்கின்றன என்ற முடிவுக்கு வந்து, அதையே பாடத்திட்டமாக எழுதி, வகுப்பில் நடத்திப் பார்த்துத் திருத்துவதுதான் பயிற்சி.

ஆக, அந்த நீண்ட ஆங்கிலத் தொடருக்கு 'சூழல்சார் அறிவியல் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி' என்று எழுதலாம். அறிவியல், சூழல், தொழில்நுட்பம் என்று காற்புள்ளி போட்டுப் பிரித்து மட்டும் எழுத வேண்டாம்; பிரித்து எழுதினால் கால அட்டவணையிலும் பிரிந்தே போய் உட்காரும்.