பாரை உறைய எவ்வளவு நேரம்? வீட்டுக்கு பிரீசர் வாங்குமுன் ஒரு கணக்கு

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் திருகோணமலையில் மீனுக்குக் குறைவில்லை. நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற காலையில் போனால் கீரியும் பாரையும் துள்ளத் துள்ள வாங்கலாம். வாடைக் காற்று தொடங்கியதும் கதை மாறிவிடும். சின்னப் படகுகள் கரையேறிவிடும், அதே பாரை கையைச் சுடும் விலைக்குப் போகும். அதனால்தான் இங்கே பல வீடுகளில் பிரிட்ஜ் இருந்தும் தனியாக ஒரு பிரீசர் வாங்கும் யோசனை வருகிறது.

எங்கள் வீட்டிலும் வந்தது. கடையில் நான் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை லீற்றர்?" கொண்டுவந்து வைத்த வாரமே எட்டுக் கிலோ பாரையைத் துண்டு போட்டு, இரண்டு பெரிய பைகளில் கட்டி உள்ளே அடுக்கினேன். இரண்டு வாரம் கழித்து எடுத்துச் சமைத்தால், துண்டுகள் சட்டிக்குள் நார் நாராகப் பிரிந்துவிட்டன. கழுவ வைத்த பாத்திரத்தில் சிவப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. மீன் பழுதாகவில்லை, கெட்ட மணமும் இல்லை. ஆனால் சதையில் இருக்க வேண்டிய ஈரம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அது ஏன் என்று தேடிப் போனபோதுதான், லீற்றருக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று என்று புரிந்தது.

பிரீசர் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஓட்டை விழுந்த வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர்கள் வழியே வெப்பம் எந்நேரமும் உள்ளே கசிகிறது. கொம்பிரசர் அதை இறைத்துக்கொண்டே இருக்கிறது. இறைக்கிற வாளி, குழாய்க்குள் ஓடும் ஒரு காஸ். இப்போது வருகிற பெட்டிகள் பலவற்றில் அது ஐசோபியூட்டேன்; பின்புறத் தகட்டில் ஆர்600ஏ என்று எழுதியிருக்கும். சாதாரண வளி அமுக்கத்தில் அது கொதிப்பது ஏறத்தாழ −12 பாகை செல்சியஸில். அமுக்கத்தை இன்னும் குறைத்தால் இன்னும் குளிரான நிலையிலேயே கொதிக்கும். கையில் ஸ்பிரிட் தடவினால் அது ஆவியாகும்போது தோல் சில்லென்று ஆகிறதல்லவா, அதே வேலை உட்சுவர்க் குழாய்க்குள் நடக்கிறது. திரவம் கொதித்து ஆவியாகும்போது மீனின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கொம்பிரசர் அந்த ஆவியை இழுத்து அழுத்திச் சூடாக்கி வெளிப்பக்கக் குழாய்க்குத் தள்ளுகிறது. அங்கே அது வெப்பத்தை அறைக்குள் விட்டுவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. மேலே மூடி திறக்கிற பெட்டிகளில் பெரும்பாலும் இந்த வெளிக்குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே மறைந்திருக்கும். பிரீசரின் வெளிச்சுவர் சுடுகிறது என்று பயப்பட வேண்டாம். மீனிலிருந்து வந்த சூடும் கொம்பிரசர் சேர்த்த சூடும்தான் அது. அந்தச் சுவரை மூலையில் ஒட்டி வைத்தால் சூடு போக இடமில்லை.

சரி, இறைக்க வேண்டிய தண்ணீர் எவ்வளவு? 30 பாகையில் இருக்கும் ஒரு கிலோ பாரையை −18 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 400 கிலோ யூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதில் பாதிக்கு மேல் செலவாவது ஒரே இடத்தில்: மீனுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகும் கட்டத்தில். மீன் சதையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீர்தான். −1 பாகைக்கும் −5 பாகைக்கும் இடையில் அந்த நீரின் பெரும்பகுதி உறைகிறது. வெப்பமானி அங்கே நகராமல் நிற்கும்.

என் பாரை கெட்டதும் அங்கேதான். அந்தக் கட்டம் மெதுவாகக் கடந்தால் பனிப் படிகங்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் அளவில் பெரிதாகவும் வளர்கின்றன. தசை நார்களுக்கு இடையே வளர்ந்து, பக்கத்து உயிரணுக்களின் நீரை இழுத்து, அவற்றின் மென்சவ்வுகளையும் கிழித்துவிடுகின்றன. உருகும்போது அந்த நீர் பழைய இடத்துக்குப் போவதில்லை, பாத்திரத்தில் வடிகிறது. விரைவாகக் கடந்தால் பொடிப்பொடியாக எண்ணற்ற படிகங்கள்; சதைக்குப் பெரிய சேதமில்லை. 1910களில் இன்றைய கனடாவின் லாப்ரடோர் கரையில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்சாய் என்ற அமெரிக்கர் இதைக் கண்ணால் கண்டார். அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைந்தது. மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுமீனைப் போலவே இருந்தது. 1920களில் அவர் குளிர்ந்த உலோகத் தகடுகளுக்கு நடுவே உணவுப் பொதிகளை அழுத்தி உறைய வைக்கும் இயந்திரம் செய்தார். இன்றைய உறைமீன் தொழிலில் பெரும்பங்கு அந்த யோசனையிலிருந்து வளர்ந்தது.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது உறைய வைக்கும் திறன். தகட்டிலோ கையேட்டிலோ "24 மணிக்கு இத்தனை கிலோ" என்று இருக்கும். பெட்டியின் கொள்ளளவுக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது. 200 லீற்றர் பெட்டிக்குள் நூறு கிலோவுக்கு மேல் அடுக்கலாம். ஆனால் ஒரு நாளில் உறைய வைக்கக்கூடியது அதில் சிறு பங்குதான். அந்த எண்ணும் 25 பாகை அறையில் வைத்துச் சோதித்து எழுதுவது. நம் வெயிலில் அதைவிடக் கொஞ்சம் குறைத்தே நம்ப வேண்டும்.

அடுத்தது பெட்டியில் போட்டிருக்கும் நட்சத்திரக் குறி. மூன்று நட்சத்திரம் என்றால் −18 பாகையில் வைத்திருக்கும், ஆனால் ஏற்கெனவே உறைந்ததைச் சேமிக்க மட்டும். ஒரு பெரிய நட்சத்திரமும் மூன்று சிறியவையும் சேர்ந்த நான்கு நட்சத்திரக் குறி இருந்தால்தான் புது மீனை உறைய வைக்கவென்று செய்தது. மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டுகிற நட்சத்திர லேபிள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்புறம் காலநிலை எழுத்து: எவ்வளவு சூடான அறைக்குச் செய்த பெட்டி என்று காட்டும் குறி. 'என்' (N) என்றால் 32 பாகை வரையான அறைக்கு, 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை, 'டி' (T) என்றால் 43 வரை. கச்சான் அடிக்கிற மதியத்தில் தகரக் கூரைச் சமையலறை 32ஐத் தாண்டுவது சாதாரணம். டி எழுத்து உள்ளதையே கேளுங்கள்.

சுவர் வழியே கசியும் வெப்பம், வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. 16 பாகை நுவரெலியாவில் வித்தியாசம் 34. 30 பாகை திருகோணமலையில் 48. அதே பெட்டி இங்கே நாற்பது வீதம் கூடுதலாக இறைக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய பெரிய பெட்டி வாங்கினால் சுவரின் பரப்பும் கூடும், யூனிட்டும் கூடும். நம் மின்கட்டணம் யூனிட் ஏற ஏற விலை ஏறுகிற படிமுறை என்பதால், பிரீசரின் யூனிட்டுகள் மேற்படியில்தான் போய் விழும்.

மேலே திறப்பதா, முன்னால் திறப்பதா? குளிர்காற்று கனமானது, முன்கதவைத் திறந்தால் கீழே வழிந்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் 200 லீற்றர் காற்றின் எடை கால் கிலோ அளவுதான். அது முழுவதும் போய் நம் கடலோரக் காற்று உள்ளே புகுந்தாலும் சேரும் வெப்பம் ஏறத்தாழ 25 கிலோ யூல்; ஒரு கிலோ புதுமீன் கொண்டுவருவதில் பதினாறில் ஒரு பங்கு. காற்றோடு வரும் ஈரம்தான் பெரிய தொல்லை. அது சுவரில் வெண்பனியாகப் படிந்து, மீனுக்கும் குளிர்க் குழாய்க்கும் நடுவே போர்வையாகிவிடும். அரை சென்ரிமீற்றர் படிந்ததும் அணைத்து உருக விடுங்கள். கத்தியால் குத்த வேண்டாம், குழாய் அடியிலேயே ஓடுகிறது. ஓட்டை விழுந்தால் காஸ் போய்விடும், அந்தக் காஸ் தீப்பற்றவும் கூடியது. என் தேர்வு மேலே திறப்பதுதான். குழாய் சுவரைச் சுற்றி ஓடுவதால், பொதியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேர்ட்சாயின் உலோகத் தகடு வீட்டிலேயே கிடைத்த மாதிரி. குனிந்து எடுக்க முடியாத பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு முன்கதவு நல்லது.

பொதி தட்டையாக இருக்க வேண்டும். தடிப்பு இரட்டித்தால் உறையும் நேரம் இரண்டு மடங்கைத் தாண்டி நான்கு மடங்கை நெருங்கும். இப்போது நாங்கள் இரண்டு விரல் தடிப்புக்கு மேல் கட்டுவதில்லை. காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, நாளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் புதிதாக வைப்பதுமில்லை.

சூரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பிடித்த பிறகு சூட்டில் கிடந்த சூரையில் பற்றீரியா ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். உறைய வைத்தாலும் அது அழியாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டால் முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு தடிக்கும். பிடித்ததிலிருந்தே ஐஸில் இருந்த சூரையை மட்டும் வாங்குங்கள். கொழுப்புள்ள மீன் என்பதால் பிரீசரிலும் அதன் கொழுப்பு மெல்லக் காறிப்போகும். இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். பாரை இன்னும் சில மாதம் தாங்கும்.

இனி கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிறைந்த பிரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு. நம் சூட்டில் அதைவிடக் குறைவு. வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தலால் நிரப்பச் சொல்வார்கள். அதில் ஒரு குறை உண்டு: நல்ல தண்ணீர்க் கட்டி உருகுவது 0 பாகையில். மீன் அதற்கு முன்பே, −5 பாகையிலிருந்தே உருகத் தொடங்கிவிடும். ஒரு லீற்றர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து உறைய வைத்தால், அது ஏறத்தாழ −6 பாகையிலேயே உருகி முடியும். உருகும்போது உறிஞ்சுகிற வெப்பம் மீனைத் தொடுவதற்கு முன்பே செலவாகிறது. பிளாஸ்டிக் போத்தலில் மேலே கொஞ்சம் இடம் விட்டு, மூடியை நன்றாக இறுக்கி வையுங்கள். உப்புநீர் கசிந்தால் உலோகத்தை அரிக்கும்.

கரண்ட் போய் உடனே வந்தால் பிரீசரைச் சில நிமிடங்கள் அணைத்தே வைக்க வேண்டும். குழாயின் இரு பக்க அமுக்கமும் சமமாகாமல் கொம்பிரசரால் சுழலத் தொடங்க முடியாது. சுழலாமல் நிற்கும் மோட்டரில் மின்னோட்டம் ஏறிச் சுருள் சூடாகும். நேரம் தாமதித்து மின்சாரம் விடுகிற பாதுகாப்புக் கருவி கடைகளில் கிடைக்கிறது.

வெளியூர் போகும்போது ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு இரண்டு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். வந்து பார்க்கையில் காசு கோப்பையின் அடியில் கிடந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த மீனைச் சட்டியில் போட வேண்டாம்.