பேட்டை: கோட்டைக்கு வெளியே பிறந்த சொல்

சென்னையில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "நீங்க எந்த ஏரியா?" என்றுதான் கேட்கிறோம். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி "எந்தப் பேட்டை?" என்று வந்திருக்கும். இன்று பேட்டை என்ற சொல் தனியாகப் புழங்குவது பெரும்பாலும் சண்டையில்தான். "எங்க பேட்டைக்கு வந்து பாரு" என்பார்கள். இல்லாவிட்டால் 'பேட்டை ரவுடி' என்ற தொடரில் வரும். ஆனால் ஊர்ப்பெயர்களின் வாலில் அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது: சைதாப்பேட்டை, ராயப்பேட்டை, தேனாம்பேட்டை, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொசப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை.

பேட்டை என்றால் முதலில் ஒரு கோட்டையையோ மதில் சூழ்ந்த நகரையோ ஒட்டி, அதற்கு வெளியே அமைந்த வணிகக் குடியிருப்பு. சரக்கு வந்து இறங்கும், சந்தை கூடும், தொழில் செய்பவர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொள்வார்கள். கோட்டைக்குள் ஆள்பவரும் படையும். வெளியே பேட்டையில் நெய்பவரும் விற்பவரும். வண்டிகள் வந்து மாடுகளை அவிழ்த்துவிடும் இடத்துக்கு 'வண்டிப்பேட்டை' என்று பெயர் வந்ததும் இந்தப் பொருளிலிருந்துதான். சேலத்தில் செவ்வாய்ச் சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை. புனே நகரத்திலும் கிழமைப் பெயர் கொண்ட 'பேட்'கள் வரிசையாக இருக்கின்றன: புத்வார், சுக்ரவார், சனிவார்.

கன்னடத்தில் 'பேட்டெ', தெலுங்கில் 'பேட்ட', மராத்தியில் 'பேட்' என்று தக்காணம் முழுவதும் இந்தச் சொல் பரவிக் கிடக்கிறது. 1537-ல் கெம்பே கௌடா எழுப்பிய பெங்களூரே ஒரு மண்கோட்டைக்குள் பல பேட்டைகள் சேர்ந்த ஊர்தான். அங்கே அக்கிப்பேட்டெ அரிசிக்கு, அரளெப்பேட்டெ பருத்திக்கு. எந்தப் பேட்டையில் எது கிடைக்கும் என்று யாரையும் கேட்க வேண்டாம், பெயரே கடைப்பலகை. ஆங்கிலேயர் இதைக் காதில் வாங்கி 'பெட்டா' ஆக்கினார்கள். 1886-ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் கோட்டைக்கு வெளியே உள்ள புறநகர் என்றே அதற்குப் பொருள் தருகிறது. (ஓட்டுநர்களும் சினிமாத் தொழிலாளர்களும் வாங்கும் நாள்படியான 'பேட்டா'வுக்கும் இதற்கும் உறவில்லை.)

இந்த ஆங்கில உச்சரிப்பு கொழும்பில் நிலைத்துவிட்டது. அங்கே கோட்டைக்குக் கிழக்கே உள்ள கடைவீதிகளுக்கு ஆங்கிலத்தில் 'பெட்டா' என்றுதான் பெயர். ஆனால் கொழும்புத் தமிழர் அதைப் பேட்டை என்பதில்லை, புறக்கோட்டை என்கிறார்கள். சிங்களத்தில் 'பிடகொட்டுவ', அதற்கும் அதே பொருள்தான். பேட்டை என்ற சொல்லுக்கு அகராதி தரும் விளக்கத்தை அப்படியே ஒரு பெயராக்கி வைத்திருக்கிறார்கள். இதைவிடத் துல்லியமான தமிழாக்கத்தை நான் பார்த்ததில்லை.

சென்னைக்கு வருவோம். 1640-ல் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்ததும் அதன் வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர், வணிகர், துபாஷிகள் (ஆங்கிலேயருக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்தவர்கள்) குடியேறிய பகுதியைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த பிறகு அந்தப் பழைய குடியிருப்பு பெரும்பாலும் இடிக்கப்பட்டது. கோட்டைக்கு முன்னால் எதிரி மறைய இடமே இருக்கக் கூடாது என்று வெட்டவெளி ஆக்கினார்கள். மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். 1906-க்குப் பிறகு ஜார்ஜ் டவுன் என்று அழைக்கப்படுவது இந்த இரண்டு பேட்டைகளும் சேர்ந்த பகுதிதான்.

கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், உயிர்நாடி துணி. நெசவாளர் வெளியூரில் இருந்தால் தரகர் கைக்குள் போய்விடுவார்கள், போர் வந்தால் சரக்கு வராது. அதனால் ஆளுநர்களே பேட்டை கட்டத் தொடங்கினார்கள். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூர் அருகே நெசவாளருக்கு ஓர் ஊர் அமைத்தார். காலெட் பேட்டை. நம் நாக்கு அதைக் காலடிப்பேட்டை ஆக்கிக்கொண்டது. வெள்ளைக்காரத் துரை போய்விட்டார், இப்போது யாரோ ஒரு மகானின் காலடி பட்ட இடம் போல ஒலிக்கிறது.

இதைவிட விரிவாகத் திட்டமிட்டது சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் வளைந்தோடும் மடியில், சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த நிலத்தில் அதை எழுப்பினார்கள். சுங்குராமர் கும்பினிக்குத் தலைமை வணிகராக இருந்து செல்வாக்கு இழந்தவர். அவருடைய தோட்டத்தைக் கும்பினி எடுத்துக்கொண்டதற்கு அந்த இறக்கமும் ஒரு காரணம். நிழல் மரங்கள் நிறைந்த இடம். வெயில் படாமல் நூலை இழுத்துக் கட்டிப் பாவு ஓட்ட மரநிழல் வேண்டும், நனைக்கவும் வெளுக்கவும் பக்கத்தில் ஆற்றுநீர் வேண்டும். இரண்டும் இங்கே இருந்தன. கூவத்தில் துணி வெளுத்தார்கள் என்பதை இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடப்பவர் நம்ப மாட்டார்.

நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் தீட்டுபவர், சாயம் போடுபவர், வெளுப்பவர், கோயில் காரியம் பார்ப்பவர் ஆகியோருக்குத்தான் குடியேற்றம் என்று வகுத்தார்கள். வீட்டு முகப்பிலேயே தறி. சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்து ஆதிபுரீசுவரர், ஆதிகேசவப் பெருமாள் கோயில்கள். தெருக்கள் நேர்க்கோட்டில் வெட்டப்பட்டன. இப்போதும் வரைபடத்தை விரித்தால் சுற்றிலும் சந்துகள் வளைந்து நெளிய, இந்த ஒரு துண்டு மட்டும் கட்டம் போட்டதுபோல் தெரியும்.

பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், சின்னத் தறிப் பேட்டை என்பது. சின்னத்தறி, சிந்தறி, சிந்தாதிரி. கடைசிப் படி கொஞ்சம் வேடிக்கை. 'அத்ரி' என்றால் வடமொழியில் மலை. சேஷாத்ரி, நீலாத்ரி என்றெல்லாம் கேட்டுப் பழகிய காது, தறியையும் ஒரு மலையாக்கிவிட்டது. மேடுகூட இல்லாத ஆற்றங்கரைக்கு மலைப்பெயர்! பேச்சில் அதுவும் நிற்பதில்லை, பேருந்தில் நடத்துநர் 'சிந்தாரிப்பேட்ட' என்றுதான் கூப்பிடுவார்.

இங்கிலாந்தின் ஆலைத்துணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குவிந்ததும் கும்பினிக்கு நம் தறி வேண்டாததாகிவிட்டது. தறி போன வீடுகளில் எழுத்தர்களும் வக்கீல்களும் வாத்தியார்களும் குடியேறினார்கள். அமெரிக்க மிஷன் இங்கே நிலையம் வைத்தது, 1847-ல் சீயோன் தேவாலயம் கட்டப்பட்டது. அதே மிஷனைச் சேர்ந்த மிரோன் வின்ஸ்லோவின் பெயரில் 1862-ல் வந்த தமிழ்-ஆங்கில அகராதியைச் சொல் ஆராய்கிற எவரும் இன்றைக்கும் புரட்டத்தான் செய்கிறோம். 1869-ல் ஆளுநர் நேப்பியர் பெயரில் ஒரு பூங்கா வந்தது, இப்போது அது மே தினப் பூங்கா. உழைப்பவருக்காகவே வகுத்த பேட்டையில் உழைப்பாளர் நாளின் பெயரில் ஒரு பூங்கா இருப்பது, திட்டமிட்டு நடந்ததோ இல்லையோ, பொருத்தம்தான்.

இப்போது சிந்தாதிரிப்பேட்டை என்றதும் பாதிப் பேருக்கு நினைவு வருவது மீன் சந்தை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் போனால் பனிக்கட்டி நொறுங்கும் சத்தமும் ஏலம் கூவும் குரலுமாக இருக்கும். செதில் ஒட்டிய தராசுத் தட்டு, வாசலில் வரிசையாக அரிவாள்மணை. தலைக்கு மேலே பறக்கும் ரயில் போகும். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய தடம் அது. ஆற்றுக்கு அக்கரையில் புதுப்பேட்டை, பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகமாக விற்கிற இடம். நெசவு போய்விட்டது. ஆனால் ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் ஒரே இடத்தில் கூடுவது போகவில்லை. வண்ணாரப்பேட்டையில் இது இன்னும் அழகாக நடந்திருக்கிறது. கும்பினித் துணியை வெளுத்த இடத்தில் இன்று எம்.சி. ரோடு முழுக்கத் துணிக்கடைகள். தீபாவளிக்கு முந்தைய வாரம் அங்கே கால் வைக்க இடம் கிடைக்காது.

இனி, 'சரியான தமிழ்ச்சொல்' என்ன என்ற கேள்வி. பேட்டை சங்கப் பாடல்களில் வருவதில்லை என்று காட்டி, அதை ஒதுக்கச் சொல்பவர்கள் உண்டு. சங்க காலத்தில் இதற்கு நிகராக இருந்தது புறச்சேரி. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் 'உறைகிணற்றுப் புறச்சேரி'யைக் காட்டுகிறது. பன்றிக்குட்டிகளும் கோழிகளும் திரிய, ஆட்டுக்கிடாயும் கவுதாரியும் விளையாடும் இடம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையின் மதிலுக்கு வெளியே வந்து தங்குவதைச் சொல்லும் காதைக்கே 'புறஞ்சேரி இறுத்த காதை' என்று பெயர். பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் புறஞ்சேரியை இன்று எழுத முடியாது. சேரி என்றால் ஒரு காலத்தில் சேர்ந்து வாழும் குடியிருப்பு, அவ்வளவுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் அந்தணர் ஊரின் பிரிவுகளே சேரிகள். பின்னால் அந்தச் சொல்லை ஒரு சாதியின் குடியிருப்புக்கு மட்டும் ஒதுக்கி, அதன்மேல் இழிவையும் ஏற்றிவிட்டார்கள். சொல் தன் குற்றமில்லாமல் விழுந்தது. வேளச்சேரியில் மனை விலை விசாரிக்கிறவர் அதில் சேரி இருப்பதைக் கவனிப்பதில்லை, அது வேறு. கூவம் கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைத்த குடியிருப்புக்குக் கண்ணகி நகர் என்று பெயரிட்டார்கள். மதிலுக்கு வெளியே இரவு தங்கியவள் பெயர்தான். பெயர் சூட்டிய அதிகாரிக்குக் காதை நினைவில் இருந்திருக்காது. இத்தனைக்கும் பேட்டைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பேட்டை தொழிலை ஒட்டி எழுந்தது. கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் தொழிலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். மீன் சந்தையிலும் பூக்கடையிலும் வேலை பார்த்தவர் விடியலில் அங்கிருந்து பேருந்து பிடித்து வர வேண்டும்.

மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். 'புறநகர்' இன்று தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் பொருந்தும், நகரத்தின் நடுவில் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் பொருந்தாது. 'பகுதி' அரசாணைத் தமிழ், யாரும் "எங்க பகுதிப் பையன்" என்று உரிமையோடு சொல்வதில்லை. 'வட்டாரம்' கொஞ்சம் பெரியது, ஊர்களைத் தாண்டிப் பரவும். 'அக்கம்பக்கம்' ஆட்களைக் குறிக்கும், இடத்தை அல்ல. நாம் 'ஏரியா' என்று சொல்லும்போது மனதில் இருப்பது நாலைந்து தெரு, ஒரு கடைவீதி, ஒரு கோயிலோ மசூதியோ, முகம் தெரிந்த ஆட்கள். அதற்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொல் பேட்டை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் பங்கு போட்டுக்கொண்ட சொல்லை அயல் என்று தள்ளிவிட்டு 'ஏரியா'வை வைத்துக்கொள்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

பழைய பொருளைக் கெடாமல் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு புதுச்சொல்லும் உண்டு: தொழிற்பேட்டை. 1958-ல் கிண்டியில் சிறு தொழில்களுக்கென்று நிலம் வகுத்துக் கொட்டகைகள் கட்டியபோது, ஆங்கிலத்தில் எஸ்டேட் என்றதைத் தமிழில் 'தோட்டம்' என்றோ 'பண்ணை' என்றோ எழுதாமல் பேட்டை என்று எழுதிய கைக்கு நன்றி சொல்ல வேண்டும். 1734-ல் பிட் செய்ததும் ஏறக்குறைய அதுதானே. கிண்டியிலும் இப்போது லேத் பட்டறைகள் இருந்த இடங்களில் கண்ணாடி முகப்புக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்த குரோம் தோல் தொழிற்சாலையும் முன்போல் இல்லை. அந்தப் பெயரில் உள்ள 'குரோம்' ஓர் உலோகத்தின் பெயர் என்பது அங்கே பிறந்து வளர்ந்த பல பிள்ளைகளுக்குச் செய்தியாக இருக்கும்.

எழுதுகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். வண்ணாரப்பேட்டை, ராயப்பேட்டை, சைதாப்பேட்டை ஆகியவற்றில் ப் மிகும். தண்டையார்பேட்டை, ஜோலார்பேட்டை, உளுந்தூர்பேட்டை என ரகர மெய்யை அடுத்து வரும்போது அதை எழுதுவதில்லை. இன்னொன்று, ஆங்கிலப் பலகையில் 'பெட்' என்று முடிவதெல்லாம் பேட்டை அல்ல. 'செட்பெட்' என்று எழுதியிருப்பது சேத்துப்பட்டு. ஆங்கிலப் பலகையைப் பார்த்துத் தமிழில் சேத்துப்பேட்டை என்று எழுதும் செய்தியாளர்கள் வருடத்துக்கு ஒருவராவது கிடைக்கிறார்கள்.