எட்டு மணி நேர இடைவெளி எதற்கு?

"எட்டு மணி நேரத்துக்கு ஒன்று" என்று எழுதிக் கொடுத்தால், பலர் காலை, மதியம், மாலை என்று பகலிலேயே மூன்றையும் முடித்துவிடுகிறார்கள். மூன்று மாத்திரை கணக்கு சரியாகிவிட்டது என்ற நிம்மதி அவர்களுக்கு. அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளில் கணக்கைவிட இடைவெளிதான் முக்கியம். காரணம் பாக்டீரியாவின் செல் சுவரில் இருக்கிறது.

பாக்டீரியாவுக்குள் அழுத்தம் அதிகம். ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்றவற்றில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல 20 மடங்கு வரை போகும். வெடிக்காமல் காப்பது பெப்டிடோகிளைக்கான் என்ற வலை: நீளமான சர்க்கரைச் சங்கிலிகள், அவற்றைக் குறுக்கே பிணைக்கும் சிறு பெப்டைடுகள் (அமினோ அமிலத் துண்டுகள்). செல் வளர வேண்டுமானால் இந்த வலையை வெட்டித்தான் புதிய இழையைச் செருக முடியும். காற்று நிரம்பிய டியூபை, காற்றை இறக்காமலே அறுத்து ஒட்டிப் பெரிதாக்குவது மாதிரியான வேலை! வெட்டும் நொதிகளும் பிணைக்கும் நொதிகளும் கைகோத்துப் போக வேண்டும். நல்ல ஊட்டச்சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, ஒவ்வொரு தலைமுறையிலும் பழைய சுவரில் ஏறக்குறைய பாதியைப் பிரித்தெடுக்கிறது. பிரித்ததில் பெரும்பகுதியை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது.

பெனிசிலின் அந்தப் பெப்டைடின் நுனியைப் போலவே இருக்கும். பிணைக்கும் நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு முடங்கிவிடும். வெட்டும் நொதிகளோ நிற்பதில்லை; சுவர் பலவீனமாகி செல் வெடித்துவிடும். போதாததற்கு, செல் புதிய சங்கிலிகளைச் செய்வதும், பிணைக்கப்படாத அவை உடனே சிதைவதுமாகச் சரக்கு வீணாகிக்கொண்டே இருக்கும் என்று 2014-இல் ஈ.கோலையில் நடந்த ஆய்வு காட்டியது.

அதாவது, வளர்கிற பாக்டீரியாதான் இந்த மருந்துக்குச் சாகும். உறங்கிக் கிடப்பது தப்பிவிடும். இரத்தத்தில் மருந்தின் அளவு போதுமான மட்டத்துக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. ஒரே நேரத்தில் இரண்டு மாத்திரை போட்டு, தவறவிட்ட வேளையை ஈடுகட்ட முடியாது. இடைவெளி நீண்டால் மிச்சமிருப்பவை புது நொதி செய்துகொண்டு கட்டுமானத்தைத் தொடங்கிவிடும். எனவே விழித்திருக்கும் நேரத்தை முடிந்தவரை சமமாகப் பிரித்துப் போடுங்கள்: எழுந்ததும் ஒன்று, நடுவில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று.

வைரஸுக்குச் சுவரே கிடையாது, ஆகவே சளிக்காய்ச்சலுக்கு இது வேலை செய்யாது. மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாதான், ஆனால் அதற்கும் சுவர் இல்லை. அதனால் வரும் நுரையீரல் தொற்றுக்கு அமாக்சிசிலினை எத்தனை நாள் போட்டாலும் பயனில்லை; அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் என்று புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்துக்கு மாற வேண்டியிருக்கும்.