மெட்டுன்னு சொன்னா எந்த மெட்டு?

போன மாதம் ஒரு சாயங்காலம், இருட்டுகிற நேரம். "மெட்டு ரோட்டுல ஜீப்பு கவுந்துருச்சு, வெரசா வாங்க" என்று ஒரே வரி சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்கள். மெட்டு என்றால் எங்கள் பக்கம் மலையைத் தாண்டுகிற உச்சி. 108 ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு, தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து கேரள எல்லைக்கு ஏறுகிற கம்பம்மெட்டு ரோட்டில் வளைவு வளைவாகப் போகிறோம். தகவல் சொன்ன நம்பருக்கு அடிக்கிறேன், பிஸி. மறுபடி அடிக்கிறேன், பிஸி. எதிரே ஒரு ஜீப் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி இறங்கி வந்தது, ஒதுங்கி வழிவிட்டோம். மேலே செக்போஸ்ட் வரை போயாயிற்று. கவிழ்ந்த ஜீப்பும் இல்லை, அடிபட்ட ஆளும் இல்லை.

அப்புறம்தான் தெரிந்தது. ஜீப் கவிழ்ந்தது மெட்டைத் தாண்டி கேரளாவுக்குள், ஏலத்தோட்டத்துக்குப் போகிற மண் ரோட்டில். தொடை எலும்பு முறிந்த ஒரு அம்மாவை இன்னொரு ஜீப்பின் பின்சீட்டில் மடக்கிப் படுக்க வைத்து இறக்கியிருக்கிறார்கள். நாங்கள் வழிவிட்டோமே, அதே ஜீப். தொடை எலும்பு முறிந்தால் வெளியே சொட்டு தெரியாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இறங்கிவிடும். காலுக்கு அட்டை கட்டி அசையாமல் கொண்டுபோக வேண்டிய ஆள். அதற்கான சாமான் அத்தனையும் எங்கள் வண்டியில் சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலிலேயே திட்டு: "108-க்குப் போன் போட்டும் வரவே இல்ல சார்."

போன் போட்டவர் சம்பவ இடத்திலேயே இல்லை. தோட்டத்திலிருந்து முதல் போன் கம்பத்தில் இருக்கிற மச்சினனுக்குப் போயிருக்கிறது, அவர்தான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட கையோடு சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தகவல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் பிஸி. ஐயா, நீங்கள் எந்த நம்பரிலிருந்து கூப்பிடுகிறீர்களோ அந்த நம்பருக்குத்தான் நாங்கள் திருப்பி அடிப்போம். அந்தப் போன் வண்டி வந்து சேரும்வரை உங்களுடையது இல்லை, எங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் வேறு யாராவது வேறு போனிலிருந்து சொல்லட்டும்.

நான் 108 வண்டியில் அவசர மருத்துவ உதவியாளர். (டிரைவரை நாங்கள் பைலட் என்றுதான் சொல்வோம். இந்த மலை ரோட்டில் அவர்களுக்கு அந்தப் பேர் தகும்.) இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது ஒரே ஒரு நம்பிக்கைதான்: "போன் போட்டாலே நாங்க எங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருமே, ஜிபிஎஸ் வச்சுப் பாருங்க." தெரியாது. சோறு கொண்டுவரும் ஆப்பில் உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் புள்ளி வருகிறதே என்பீர்கள். அதற்கு நீங்கள்தான் இடத்தைக் காட்ட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். எல்லா அவசரத்துக்கும் பொதுவான 112 எண்ணின் ஆப்பும் அப்படித்தான், முன்கூட்டியே போனில் ஏற்றி அனுமதி கொடுத்திருந்தால் இடம் போகும். ஆனால் நம் ஊரில் நம்பரை அடித்துப் பேசுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் சும்மா பேசுகிற போனில் மிஞ்சிப்போனால் எந்த டவர் என்பது தெரியும், மலையில் ஒரு டவர் எத்தனை தோட்டத்துக்குச் சேர்த்து வேலை செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். போதாததற்கு எல்லையில் அந்த டவரே கேரளாவுடையதாக இருக்கும். தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு 108 அடித்தால் கேரளக் கட்டுப்பாட்டு அறையில் எடுப்பார்கள். மலையாளத்தைக் கேட்டதும் ராங் நம்பர் என்று கட் பண்ணிவிடுகிறார்கள் நம் ஆட்கள். கட் பண்ணாதீர்கள். தமிழிலேயே நிதானமாகப் பேசுங்கள், தமிழ்நாட்டுப் பக்கமா கேரளப் பக்கமா என்பதை முதலில் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு 108-இல் போனை எடுப்பவர் உட்கார்ந்திருப்பது சென்னையில். 'மெட்டு' என்றால் போடிக்காரருக்குப் போடிமெட்டு, கம்பத்துக்காரருக்குக் கம்பம்மெட்டு. சென்னையில் இருக்கிற பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 'கூடலூர்' என்றால் நம் தேனி மாவட்டத்துக் கூடலூரா, நீலகிரிக் கூடலூரா? அதனால்தான் மாவட்டம் கேட்கிறார்கள். கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று தயவுசெய்து கோபப்படாதீர்கள், இடம் தெரிந்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும், மீதிக் கேள்விக்கெல்லாம் வண்டி காத்திருக்காது.

சரி, எப்படிச் சொல்வது? மாவட்டம், ஊர், எந்த ரோடு. மலைப்பாதை என்றால் கொண்டை ஊசி வளைவில் எண் எழுதிய பலகை இருக்கும், கிலோமீட்டர் கல் இருக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் கரண்ட் கம்பத்தில் எண் இருக்கும். ஏற்கெனவே அடிபட்டவரை வேறு வண்டியில் ஏற்றிவிட்டீர்களா, அதையும் சொல்லுங்கள், பாதி வழியில் சந்தித்து மாற்றிக்கொள்ளலாம். ஆள் மயக்கமா, மூச்சு இருக்கிறதா, எத்தனை பேர். ஒரே ஜீப்புக்கு ஒருவர் மூன்று பேர் என்பார், இன்னொருவர் பத்து பேர் என்பார். கூட்டத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், மற்றவர்கள் எண்ணுங்கள். அப்புறம், பயந்துவிடுவார்கள் என்று பாம்புக் கடியைப் 'பூச்சி கடிச்சிருச்சு' என்று சொல்லாதீர்கள், நான் பயப்பட மாட்டேன்.

உங்கள் சிம் கம்பெனியின் சிக்னல் இல்லாத இடத்தில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று போன் காட்டினால் 112 அடித்துப் பாருங்கள். பேச முடியாத பலவீனமான சிக்னலிலும் சாதாரண எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும். அதுவும் இல்லையென்றால்? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம். மழையில் கரண்ட் இல்லை, போன் டவர் வேலை செய்யவில்லை. மறுநாள் காலையில்தான் சேதி வெளியே வந்தது. டவர் போனால் யார் எந்தப் பக்கம் நடப்பது, எந்த வீட்டில் வண்டி இருக்கிறது என்று தோட்டத்தில் இருப்பவர்கள் மழைக்காலம் வருவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரி டீக்கடையில் அந்த மச்சினனைப் பார்த்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. "மெட்டுன்னு சொன்னா தெரியாதா சார்?" என்றார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ரோட்டுக்குப் பேரு என்ன சார்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் ஏறும்போது வழியில் இறங்கி, தோட்டத்துப் பலகையையும் பக்கத்துக் கரண்ட் கம்பத்தில் இருந்த எண்ணையும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன்.