ஓட்டையை அடைத்த பிறகும் ஒழுகும் ஃபோன்

2017 நவம்பரில், ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு அடித்தளமான லினக்ஸ் கெர்னல் என்ற மென்பொருளில் ஒரு பிழை அகப்பட்டது. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இன்னொன்றோடு பேச உதவும் ‘பைண்டர்’ என்ற பகுதியில் அது இருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்தவர் சாவியைத் திருப்பித் தராமல் போவாரே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்: நினைவகத்தில் ஓர் இடத்தை விட்டுக்கொடுத்த பிறகும் அதன் முகவரி ஒரு மூலையில் உயிரோடு இருந்தது. காலியான அந்த இடத்தில் தன் சரக்கை இறக்கிவைக்கத் தெரிந்தவனுக்கு முழு ஃபோனும் கைவசம். சில மாதங்களுக்குள் கெர்னலில் பிழையைச் சரிசெய்துவிட்டார்கள்.

கதை அங்கே முடியவில்லை. பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழுவில் இருந்த மேடி ஸ்டோன், அதே ஓட்டை வழியாக ஃபோன்களுக்குள் புகும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று 2019 அக்டோபரில் அறிவித்தார். ஓட்டை அடைபடாத ஃபோன்களில் கூகுளின் சொந்த பிக்சல் 2-வும் ஒன்று. முதலில் சரிசெய்தவர்கள் இதைச் சாதாரணப் பிழையாகத்தான் கருதினார்கள். ‘பாதுகாப்பு’ என்ற முத்திரை விழாததால், பழைய கெர்னலில் ஓடிய பல ஃபோன்களுக்கு அந்தத் திருத்தத்தை யாரும் எடுத்துப் போகவில்லை.

ஓட்டையை அடைப்பதைவிட, அடைத்ததை ஃபோனுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடு. ஃபோனின் மென்பொருள் ஒரே பட்டறையில் உருவாவதில்லை. கெர்னல் லினக்ஸ்காரர்களுடையது. அதன்மேல் ஆண்ட்ராய்டு கூகுளுடையது. கேமரா, மோடம், கிராபிக்ஸ் போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள் சிப் நிறுவனத்திடமிருந்து வருபவை. கடைசியில் ஃபோன் நிறுவனம் தன் பங்குக்கு எல்லாவற்றிலும் கைவைத்திருக்கும். எந்த அடுக்கில் திருத்தம் வந்தாலும், அடுத்து வரும் ஒவ்வொருவரும் அதைத் தங்கள் பிரதியில் பொருத்தி, அழைப்பு போகிறதா, பேட்டரி தாங்குகிறதா என்று சோதித்தாக வேண்டும். ஒரு நிறுவனம் பத்து இருபது மாடல் விற்றால், அத்தனைக்கும் இதே வேலை. அவசரப்பட்டு அனுப்பிய அப்டேட்டால் ஃபோன் செங்கல்லாகிப்போனால் திட்டு வாங்குவதும் அவர்களே. அதனால்தான் முதலில் சிறு பங்கு ஃபோன்களுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. திருத்தம் வெளியானதுமே பழைய நிரலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எங்கே ஓட்டை இருந்தது என்று பளிச்செனத் தெரிந்துவிடும். மருந்துச் சீட்டைப் படித்து நோயைக் கண்டுபிடிப்பது போல. ஆகவே தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் திருடன் கையில் வரைபடம் இருக்கும் வாரம்.

2015-இல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ ஓட்டை வெளிவந்தபோது, ஒரு எம்.எம்.எஸ். வந்து சேர்ந்தாலே பல ஃபோன்கள் ஆபத்துக்குள்ளாகும் என்ற நிலை. அந்த ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கையைத் தொடங்கியது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 சிப் நிறுவனத்தின் பகுதியைத் தனியாகப் பிரித்தது. சுவரை இடிக்காமலே மேல்மாடியை, அதாவது ஆண்ட்ராய்டை, மாற்றலாம் என்றானது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இல், வீடியோ கோப்புகளைப் பிரித்துப் படிக்கும் பகுதி உட்பட சிலவற்றை, ஃபோன் நிறுவனத்துக்குக் காத்திராமல் கூகுளே பிளே வழியாகப் புதுப்பிக்க முடிந்தது. ஸ்டேஜ்ஃபிரைட் புகுந்த வாசலும் அந்தப் பக்கம்தான்.

சிப் டிரைவர்கள் இருக்கும் கீழ்மாடி மட்டும் அப்படியே நின்றது. 2022 ஜூன், ஜூலையில் பல ஃபோன் சிப்களில் உள்ள ‘மாலி’ கிராபிக்ஸ் பகுதியின் டிரைவரில் 5 ஓட்டைகளை, அதை வடிவமைத்த ஆர்ம் நிறுவனத்திடம் புராஜெக்ட் ஜீரோ தெரிவித்தது. ஆர்ம் தாமதிக்கவில்லை, ஆகஸ்டுக்குள் அடைத்துவிட்டது. நவம்பரில் அந்தக் குழு மாலி உள்ள தன் சோதனை ஃபோன்களை எடுத்துப் பார்த்தால், ஒன்றில்கூடத் திருத்தம் வந்திருக்கவில்லை. பிக்சலும் அந்த வரிசையில் இருந்தது. ஓட்டையைக் கண்டுபிடித்ததும் கூகுள், அடைக்காமல் விட்டதும் கூகுள் என்பதைச் சிரித்துக்கொண்டே எழுதலாம். ஆனால் சொந்த வீட்டுக்குள்ளேயே கடிதம் போய்ச் சேராத அமைப்பில், மற்றவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஃபோன் செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மாதத்தின் 1-ஆம் தேதி அல்லது 5-ஆம் தேதி என்றிருக்கும். அது அப்டேட் வந்த நாள் அல்ல. 1 என்றால் அந்த மாத அறிக்கையில் சொன்ன, ஆண்ட்ராய்டின் பொதுப் பகுதிக்கான திருத்தங்கள் உங்கள் ஃபோனில் உள்ளன. 5 என்றால் கெர்னல், சிப் டிரைவர் திருத்தங்களும் சேர்ந்திருக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது மாதத்தை. அடுத்து அந்த ஒற்றை எண்ணை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதற்குக் கெடு வைத்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும். இயங்குதளத்தின் புதிய மூலநிரல் வெளியாகி 4 மாதங்களுக்குள் பாதுகாப்புத் திருத்தம் பயனரிடம் வந்தாக வேண்டும். மூலநிரல் வெளியாகும் முன் சிப் நிறுவனத்தின் மேசையில் திருத்தம் காத்துக்கிடந்த நாட்கள் அந்த 4 மாதக் கணக்கில் வராது.