கீழ்ப்படிதல்: கேட்டு நடத்தல்

தூசி படியும், வண்டல் படியும். அப்படி ஒருவருக்குக் கீழே அடங்கிப் படிவதுதான் ‘கீழ்ப்படிதல்’ என்பதன் நேர்ப்பொருள். விடுப்புக் கடிதத்தின் அடியில் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று எழுதியே வளர்ந்தவர்கள் நாம். அதனால் உத்தரவும் பயமும் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டன. கடவுளுக்குக் கீழ்ப்படிவது என்றாலும் அதே நினைப்புதான் வருகிறது. வரக் கூடாது.

திருச்சபையின் லத்தீனில் இதற்கான வினை ‘ஒபெதீரே’. அதற்குள் இருப்பது ‘அவுதீரே’, அதாவது கேட்டல். பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கும் வேர் கேட்டல்தான். எபிரேயத்தில் ‘ஷமா’ என்ற ஒரே வினை கேட்பதையும் கேட்டபடி செய்வதையும் குறிக்கும்.

இது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மறைமாவட்டத்தில்தான் கிருஷ்ணகிரியும் ஓசூரும் இருக்கின்றன. அங்கே தமிழில் ‘சொன்ன பேச்சைக் கேளு’ என்பார்கள். தெலுங்கில் ‘மாட்ட வினு’, கன்னடத்தில் ‘மாத்து கேளு’. மூன்று மொழியிலும் காதுதான் முதலில். இப்படிச் சொல்வது யார்? பெரும்பாலும் பெற்றவர்கள், பிள்ளையிடம். ஆக, இது வீட்டுச் சொல்.

இயேசுவும் இதை வீட்டோடுதான் சேர்த்தார். தாயும் சகோதரரும் வெளியே நிற்கிறார்கள் என்று தெரிவித்தபோது, இறைவார்த்தையைக் கேட்டு அதன்படி செயல்படுகிறவர்களே என் தாயும் சகோதரரும் என்றார் (லூக்கா 8:21). மரியாவை அவர் ஒதுக்கிவிட்டதாகச் சிலர் இதைப் படிப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். ‘உம் சொற்படியே ஆகட்டும்’ என்று வானதூதரிடம் சொல்லி, முதலில் கேட்டு நடந்தவரே அவர்தானே!

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சொன்னபடி நடந்து நடந்து பிள்ளை என்ற உரிமையைச் சம்பாதிப்பதில்லை. அது திருமுழுக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய வழக்கில் ஞானஸ்நானம். நம் மறைமாவட்டத்தின் பங்குகளான எலத்தகிரியிலோ கோவிலூரிலோ திருமுழுக்கு நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பூசி, வெள்ளாடை போர்த்தி, திரி ஏற்றிய பிறகு, ‘எப்பத்தா’ சடங்கும் உண்டென்றால் குருவானவர் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிப்பார். ‘எப்பத்தா’ அரமேயச் சொல். ‘திறக்கப்படு’ என்று பொருள். காது கேளாதவரிடம் இயேசு சொன்னது (மாற்கு 7:34). குடும்பத்துக்குள் வந்த பிள்ளைக்குத் தந்தையின் குரல் கேட்க வேண்டும், அதற்குத்தான்.

கேட்டபடி நடப்பது எளிதல்ல என்பதும் உண்மை. கெத்சமனித் தோட்டத்தில் மகனாகிய இயேசுவே வியர்த்தார். துன்பத்தின் வழியாகவே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது எபிரேயர் திருமுகம் (5:8).

சரி, தமிழில் எதைச் சொல்லலாம்? ‘செவிசாய்த்தல்’ அழகான சொல், ஆனால் காதோடு நின்றுவிடுகிறது. ‘பணிதல்’ மறுபடியும் கீழே இழுக்கிறது. என் தேர்வு ‘கேட்டு நடத்தல்’. லூக்கா சொல்லும் இரண்டும் அதில் இருக்கின்றன, பாட்டிக்கும் புரியும். துறவியரின் மூன்று வாக்குறுதிகளில் ஒன்றாக ‘கீழ்ப்படிதல்’ நிலைத்துவிட்டது. அங்கே அதை மாற்றத் தேவையில்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ‘கேட்டு நடத்தல்’ என்றே தொடங்கலாம்.