‘இதுல என்ன கத்துக்கிறான்?’ என்று கேட்பதை நிறுத்துங்கள்

“மூளை வளர்ச்சிக்கான கேம்தான் டாக்டர், அதனாலதான் மூணு மணி நேரம் விடுறோம்.” குழந்தைக்குத் தூக்கம் கெட்டுவிட்டது என்று வரும் பெற்றோர்தான் இதையும் சொல்கிறார்கள். அதே வீட்டில் மூத்தவன் அரை மணி நேரம் கார் பந்தய கேம் விளையாடினால், ‘வெட்டி வேலை’ என்று ஃபோன் பிடுங்கப்படுகிறது. எத்தனை முறை சொன்னாலும் இந்தக் குழப்பம் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வீடியோ கேம் எதையாவது கற்றுத்தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓடிப்பிடித்து விளையாடும் குழந்தையிடம் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லையே. கேமில் இருபது முறை தோற்று, யாரிடமும் திட்டு வாங்காமல் இருபத்தொன்றாவது முறை முயல ஓர் இடம் கிடைக்கிறது. அந்தச் சந்தோஷம் போதும்.

‘மூளைப் பயிற்சி’ என்ற பெயரை அப்படியே நம்பாதீர்கள். கட்டங்களை நினைவில் வைக்கும் கேமை மாதக்கணக்கில் விளையாடினால், கட்டங்களை நினைவில் வைக்கும் திறமை கூடும். அது பெருக்கல் கணக்குக்கோ பாடம் வாசிப்பதற்கோ கைகொடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியின் விளம்பரங்கள் ஆதாரமின்றி மக்களை ஏமாற்றின என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2016-ல் அந்த நிறுவனம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கவனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020-ல் ஒரு கேமை அனுமதித்தது உண்மைதான். ஆனால் அது மருத்துவப் பரிசோதனைகளைக் கடந்து வந்தது, மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் தரும்படி அப்போது அனுமதிக்கப்பட்டது. ஆப் ஸ்டோரில் ‘கல்வி’ என்ற பிரிவில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் அந்தத் தகுதியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பார்க்க வேண்டியது வேறு: அந்த கேம் எப்படிக் காசு பார்க்கிறது? ஒரு நாள் தவறினாலும் தொடர்ச்சி அறுந்துவிடும் தினசரிப் பரிசு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி, ‘சக்தி தீர்ந்தது, காத்திரு அல்லது வாங்கு’ என்ற அறிவிப்பு. காசு கொடுத்து வாங்கும் அந்தப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. தினசரித் தொடர்ச்சி வித்தை ‘கல்வி’ செயலிகளிலும் தாராளமாக இருக்கிறது.

வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். கார்டு விவரத்தை ஃபோனில் சேமிக்காதீர்கள். கேமின் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். இரவில் ஃபோன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும்.

நேரத்தை நிமிடத்தில் அளந்து, நடு ஆட்டத்தில் பிடுங்காதீர்கள். ஆன்லைன் மேட்சை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் வெளியேறினால் தரவரிசை இறங்கும், கூட்டாளிகளின் ஆட்டமும் கெடும். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ‘இன்னும் இரண்டு மேட்ச்’ என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள், ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு. நினைத்த இடத்தில் சேமிக்க முடிகிற கேம் என்றால் கடிகாரமே போதும்.

ஐந்து வயதுக்குக் கீழே பேரம் கிடையாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். கல்வி கேமுக்கு அதில் சலுகை இல்லை.

தயவுசெய்து, இரண்டு மணி நேரம் விளையாடிய பிள்ளைக்கு ‘அடிமை’ என்று பட்டம் சூட்டாதீர்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த, அதே உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் மணிக்கணக்கைக் கேட்பதில்லை. கட்டுப்பாடு கைநழுவுகிறதா, மற்ற எல்லாவற்றையும் கேம் ஓரங்கட்டுகிறதா, பாதிப்பு தெரிந்தும் தொடர்கிறதா என்று மூன்றையும் பார்க்கிறது, வழக்கமாக 12 மாத அளவில். பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது என்று வாரக்கணக்கில் நீடித்தால் ஃபோனை உடைக்காதீர்கள். 12 மாதம் ஆகட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். பிள்ளையை அழைத்து வாருங்கள்.